உஷார்! 11.11 வருகிறது, பிள்ளையின் அங்பாவ் காசு எங்கே போகிறது?

தீபாவளி முடிந்துவிட்டது. பிள்ளைகள் கையில் அங்பாவ் காசு இன்னும் மிச்சம் இருக்கிறது. கைப்பேசியைத் திறந்தால் 11.11 மலிவு விற்பனை என்று விளம்பரம் மேல் விளம்பரம். ஈப்போவில் புந்தோங்கிலோ சிலிபினிலோ ஃபாலிமிலோ, கன்டாம் ரோபோவும் தமியா காரும் கோத்து விளையாடுகிற பிள்ளை எந்த வீட்டில் இருந்தாலும், அந்த வீட்டுப் பெற்றோருக்கு இதை அவசரமாக எழுதுகிறேன். இன்றைக்கே படியுங்கள். பன்னிரண்டாம் தேதி படித்துப் பயனில்லை.

எங்கள் வரிசையில் மூன்று வீடு தள்ளி ஒரு பையன் இருக்கிறான். மூன்றாம் படிவம் படிக்கிறான். இரண்டு தீபாவளிக் காசைத் தொடாமல் சேர்த்து வைத்திருந்தான். போன வருஷம் இதே சமயத்தில் அவன் கைப்பேசியில் ஒரு விளம்பரம் வந்தது. கடையை மூடப் போகிறார்களாம், இருக்கிற சரக்கையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்களாம். கடையில் இருநூறு வெள்ளிக்குப் பக்கமாக விற்கிற மாஸ்டர் கிரேட் கன்டாம் பெட்டி ஒன்று 75 வெள்ளி. மூன்று எடுத்தால் அஞ்சல் செலவு கிடையாது. கூரை வரைக்கும் பெட்டிகள் அடுக்கிய படம் வேறு. அக்காவின் வங்கிக் கணக்கிலிருந்து 225 வெள்ளியை மாற்றிவிட்டான். மறுநாள் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: சரக்கைச் சுங்கத்தில் நிறுத்தி வைத்துவிட்டார்கள், இன்னும் 80 வெள்ளி கட்டினால்தான் விடுவார்கள் என்று. அதையும் கட்டினான். மூன்றாம் நாள் அந்தப் பக்கத்தையே காணோம். வாட்ஸ்அப் எண்ணும் முடங்கிவிட்டது.

போலீஸ் ரிப்போர்ட் கொடுக்க அவன் அப்பாவோடு நானும் போனேன். பையன் அழவில்லை. திரும்பி வரும்போது காரின் பின்னிருக்கையிலிருந்து ஒன்றே ஒன்று சொன்னான்: "கடைக்கே போயிருப்பேன் அங்கிள். அந்தக் கடையத்தான் மூடிட்டாங்களே."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் சொன்ன கடையை எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் தெரியும். அது மூடியதில் எனக்கும் பங்கு உண்டு.

நான் தோட்டத்தில் பிறந்தவன். லயத்துப் பிள்ளைகளுக்குக் கடைப் பொம்மை ஏது? கித்தா கொட்டையும் சார்டின் டின்னில் செய்த வண்டியும்தான். தோட்டம் கைமாறி, குடும்பம் புந்தோங்குக்கு வந்து சேர்ந்த காலத்தில்தான் பேட்டரி போட்டால் ஓடுகிற அந்தக் குட்டிக் காரை முதன்முதலாகப் பார்த்தேன். தமியா நிறுவனம் 1946இல் ஜப்பானின் ஷிசுஓகாவில் மர வியாபாரமாகத் தொடங்கி, பிறகு மாடல் பொம்மைக்கு மாறியது. 1982இல் மினி ஃபோர் டபிள்யூடி கார்களைக் கொண்டுவந்தது. எந்தக் கம்பெனிக் காரானாலும் எங்களுக்கு அது "தமியா"தான். அந்தப் பையன் சொன்ன கடை ஈப்போ டவுனில் ஒரு சீன அங்கிளுடையது. கடையின் பின்புறம் அவர் பிளாஸ்டிக் ஓடுபாதை போட்டு வைத்திருந்தார். சனிக்கிழமை மதியம் அங்கே போனால் தமிழ்ப் பையன், சீனப் பையன், மலாய்ப் பையன் எல்லாரும் குனிந்துகொண்டு ஒரே பாதையைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

என்னிடம் முழுப் பணம் இருந்ததே இல்லை. அங்கிள் ஒரு 555 நோட்டில் என் பேரை எழுதி, வாரம் இரண்டு வெள்ளி மூன்று வெள்ளி என்று வாங்கிக்கொண்டு, கடைசி வெள்ளி வந்த அன்று பெட்டியை எடுத்துக் கொடுப்பார். கொடுக்கும் முன் அவரே பெட்டியைத் திறந்து, பாகங்கள் ஒட்டிய ஒவ்வொரு சட்டமும் இருக்கிறதா என்று எண்ணுவார். ஒருமுறை, வேலைக்குப் போக ஆரம்பித்த புதிதில், பெரிய விலையில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லாவுக்குப் போனேன். "நந்தி டூலு" என்று சொல்லி அதை வாங்கி மீண்டும் அடுக்கில் வைத்துவிட்டு, அதில் பாதி விலைக்கு வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். கொஞ்சம் பொறு, முதலில் இதைக் கோத்துப் பழகு என்று அர்த்தம். கையில் வந்த வியாபாரத்தை வேண்டாம் என்று தள்ளிய கடைக்காரர் அவர். எந்தக் கைப்பேசிச் செயலி இதைச் செய்யும்?

அவருக்கு நாங்கள் என்ன செய்தோம்? கடைக்குப் போனோம். பெட்டியை எடுத்துப் புரட்டிப் பார்த்தோம். எது நல்லது, எது கைக்கு அடங்காது என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டோம். பிறகு வெளியே வந்து, காரில் உட்கார்ந்தபடி, பன்னிரண்டு வெள்ளி மிச்சம் என்று கைப்பேசியில் ஆர்டர் போட்டோம். நானும் போட்டேன். ஒருமுறை இல்லை, பலமுறை.

புந்தோங்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. கச்சாங் பூத்தே வியாபாரத்தால் நாடு முழுக்கப் பெயர் வாங்கிய ஊர் இது. எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலை வறுத்து, முறுக்குப் பிழிந்து, தள்ளுவண்டியிலும் மோட்டார் சைக்கிளிலும் கொண்டுபோய் விற்று வீடு கட்டினார்கள். வண்டியருகே வந்து கையை நீட்டி ஒரு பிடி ருசி பார்த்துவிட்டு, "அப்புறம் வரேன்" என்று போய் பேரங்காடியில் பொட்டலம் வாங்குகிறவரைப் பார்த்தால் நமக்கு வயிறு எரியும். அந்த மாடல் கடை அங்கிளிடம் நாம் செய்தது அதேதான்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். பிரிட்டனில் 47 கிளைகளோடு இருந்த மாடல்சோன் 2013இல் நொடித்துப் போய் எல்லாக் கடைகளையும் மூடியது. லிவர்பூலில் 1946இல் தொடங்கிய ஹட்டன்ஸ் என்ற ரயில் மாடல் கடை இணைய வியாபாரத்திலேயே பெரிய பெயர் எடுத்தது. 2024 ஜனவரியில் அதுவும் கடையைக் கட்டுவதாக அறிவித்துவிட்டது. அவ்வளவு பெரியவர்களுக்கே தாங்கவில்லை என்றால் ஈப்போவில் ஒற்றைக் கதவுக் கடை வைத்திருப்பவர் எத்தனை நாளைக்குத் தாங்குவார்?

கடை மூடினால் ஒரு கடைதானே போயிற்று என்று நினைக்காதீர்கள். பிள்ளைக்கும் ஏமாற்றுக்காரனுக்கும் நடுவில் நின்ற ஆள் போய்விடுகிறார். அதுதான் எனக்குப் பயம்.

முதலில் போலி சரக்கைப் பாருங்கள். நம் பிள்ளைகள் "சிப்லாக்" என்கிறார்களே, அது. கன்டாம் தொடர் 1979இல் ஜப்பான் தொலைக்காட்சியில் வந்தது. 1980 ஜூலையில் பண்டாய் நிறுவனம் அதன் முதல் மாடலை 300 யென் விலைக்கு விட்டது. நாற்பது வருஷத்துக்கு மேலாக அச்சை நுணுக்கி நுணுக்கி, இன்று பசையே இல்லாமல் சொடக்கென்று பொருந்துகிற அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். போலிக்காரன் அந்தப் பாகங்களை அப்படியே அச்செடுத்து மட்டமான பிளாஸ்டிக்கில் ஊற்றுகிறான். ஒரு மூட்டு இறுகிக் கிடக்கும், இன்னொன்று தொளதொளவென்று கழன்று விழும். சில பெட்டியைத் திறந்ததும் ஒரு நெடி அடிக்கும். பெட்டிப் படம் அச்சு அசலாக இருக்கும், ஆனால் தயாரிப்பாளர் பெயர் இருக்க வேண்டிய மூலை காலியாக இருக்கும், அல்லது நீங்கள் கேள்விப்படாத ஏதோ ஒரு பெயர் இருக்கும். பாகங்கள் ஒட்டியிருக்கிற சட்டத்தின் ஓரத்தையும் பாருங்கள். அசலில் அங்கே மாடலின் பெயரும் தயாரிப்பாளர் பெயரும் பொறித்திருப்பார்கள். போலியில் அந்த இடத்தைச் சுரண்டி எடுத்த தடம் தெரியும். விளம்பரப் படத்தில் இந்த இரண்டையும் காட்டாமல் விற்கிறவரிடம் வாங்காதீர்கள்.

இது ஏதோ சந்து மூலையில் நடக்கிற சின்ன வியாபாரம் என்று எண்ண வேண்டாம். லெகோ கட்டைகளை அப்படியே நகலெடுத்து லெப்பின் என்ற பெயரில் விற்ற கூட்டத்தை 2019இல் ஷாங்காய் போலீஸ் பிடித்தது. 2020 செப்டம்பரில் அதன் தலைவனுக்கு 6 ஆண்டு சிறையும் 9 கோடி யுவான் அபராதமும் விதித்தார்கள். அபராதமே அவ்வளவு என்றால் அவர்கள் சம்பாதித்தது எவ்வளவு இருக்கும்!

அடுத்தது, பணம் போகிற வழி. பெரிய இணையச் சந்தைகளில் நீங்கள் கட்டுகிற பணம் உடனே விற்பவர் கைக்குப் போவதில்லை. பொருள் வந்துவிட்டது என்று நீங்கள் உறுதிசெய்யும் வரை, அல்லது அதற்கான கெடு முடியும் வரை, சந்தையே வைத்திருக்கும். அதனால்தான் ஏமாற்றுக்காரன் பிள்ளையை அங்கிருந்து வெளியே இழுக்கிறான். "வாட்ஸ்அப்புக்கு வா, இன்னும் பத்து வெள்ளி குறைக்கிறேன்" என்பான். அங்கே போய்விட்டால் பாதுகாப்பு எதுவும் இல்லை. சிலர் ஒரு ஏபிகே கோப்பை அனுப்பி, இதைப் பதிவிறக்கினால் தள்ளுபடி என்பார்கள். அதைத் தொட்டால் கைப்பேசியில் இருக்கும் வங்கிக் கணக்கே காலியாகிவிடும். அந்தக் கைப்பேசி உங்களுடையது என்றால் போவது பிள்ளையின் அங்பாவ் காசு மட்டும் இல்லை, உங்கள் சம்பளமும்தான்.

பணம் கட்டும் முன் அந்த வங்கிக் கணக்கு எண்ணைப் போலீசின் செமாக் மியூல் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். புகார் வந்த கணக்கானால் காட்டிவிடும். நாங்கள் அந்தப் பையனின் விஷயத்தில் பிறகுதான் போட்டுப் பார்த்தோம். காட்டியது. இரண்டு நிமிஷ வேலை, யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. இங்கே இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்தக் கணக்குகள் பல நேரம் சில நூறு வெள்ளிக்கு ஏடிஎம் கார்டை வாடகைக்கு விட்ட இளைஞர்களுடையவை. உங்கள் வீட்டில் வேலை தேடுகிற பிள்ளை இருந்தால் அவனிடமும் பேசுங்கள். மோசடிக் கும்பல் தப்பிவிடும், கார்டுக்குச் சொந்தக்காரன் மாட்டுவான்.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. 2013 ஜூலை முதல் இந்த நாட்டில் இணையத்தில் வியாபாரம் செய்கிற எவரும் தம் பெயர், பதிவு எண், முகவரி, தொலைபேசி, முழு விலை, பொருள் வந்துசேர ஆகும் நாள் எல்லாவற்றையும் வெளிப்படையாகப் போட வேண்டும். போடாதவரிடம் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். வாங்கிய பொருளில் கோளாறு என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி வழக்குப் போடலாம், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், வழக்கறிஞர் வேண்டாம். ஆனால் யார்மேல் போடுவீர்கள்? டவுனில் கடை வைத்திருப்பவருக்கு முகவரி உண்டு, முகம் உண்டு. மூன்று நாளில் காணாமல் போன பக்கத்துக்கு எந்த மன்றம் அழைப்பாணை அனுப்பும்?

வெளிநாட்டிலிருந்து நேரே வரவழைத்தால் வரியில்லை என்ற பேச்சும் இனி எடுபடாது. 2024 ஜனவரி 1 முதல், பதிவு பெற்ற இணைய விற்பனையாளர்களிடம் 500 ரிங்கிட்டும் அதற்குக் குறைந்த விலையிலும் வாங்குகிற இறக்குமதிப் பொருளுக்கு 10 விழுக்காடு வரி உண்டு. அந்தப் பன்னிரண்டு வெள்ளி மிச்சத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும்.

காசு போனால் சம்பாதிக்கலாம். சாயமும் பேட்டரியும் வேறு விஷயம். என் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். ரோபோவின் உடலில் இருக்கிற கோடுகளுக்கு மை விட்டால் அழகாகத் தெரியும். ஒரு காணொளியைப் பார்த்து, இணையத்தில் வாங்கிய எனாமல் மையை வெறும் பிளாஸ்டிக்கின் மேலேயே ஓடவிட்டேன். காலையில் பார்த்தால் இடுப்பு மூட்டு விரிசல் விட்டு இரண்டாகக் கிடந்தது. இரண்டு மாத வேலை. எனாமல் கரைப்பான் இறுக்கமாகப் பொருந்திய மூட்டுக்குள் இறங்கினால் பிளாஸ்டிக் வெடிக்கும், ஏபிஎஸ் பிளாஸ்டிக் இன்னும் சீக்கிரம் வெடிக்கும். முதலில் பளபளப்பு வார்னிஷ் அடித்துக் காயவிட்டு, பாகங்களைப் பிரித்து வைத்து, பிறகே மை விட வேண்டும். அங்கிள் இருந்திருந்தால் அந்தப் புட்டியை என் கையில் கொடுக்கும்போதே இதைச் சொல்லியிருப்பார்.

தெளிப்புச் சாயமும் கரைப்பானும் தீப்பிடிக்கும் பொருள்கள். விமானச் சரக்கில் அவற்றுக்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. "அழகுப் பொருள்" என்று பொய் எழுதி அனுப்புகிறவரிடம் வாங்கினால் புட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியாது. லாக்கர் கரைப்பானின் ஆவி மூளையைப் பாதிக்கும். சாத்திய அறையில், ஏர்கான் போட்டுக்கொண்டு, பிள்ளை சாயம் அடிக்கிறானா என்று இன்று இரவே அறைக் கதவைத் திறந்து பாருங்கள். சன்னல் திறந்திருக்க வேண்டும், ஆவியைத் தடுக்கும் வடிகட்டி முகக்கவசம் வேண்டும். சாதாரணத் துணிக் கவசம் ஆவியைத் தடுக்காது.

ரிமோட் கார் ஓட்டுகிற பிள்ளையானால் லித்தியம் பாலிமர் பேட்டரியைக் கவனியுங்கள். ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. பெயர் தெரியாத மலிவு சார்ஜர் மேல் எல்லையை மதிக்காமல் போகலாம். உப்பிய பேட்டரி எரியக் காத்திருக்கிற பொருள். அதை மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது. தூங்கும்போது சார்ஜ் போடுகிற பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

கடைக்காரர் எல்லாரும் உத்தமர் என்று சொல்லவில்லை. போலியை அசலோடு கலந்து அடுக்கி வைக்கிற கடையையும் பார்த்திருக்கிறேன். எல்லாரும் தேடுகிற புது மாடல் வந்தால் விலையை இரண்டு மடங்காக ஏற்றுகிறவரும் உண்டு. அங்கே வாங்காதீர்கள், ஏன் வாங்கவில்லை என்று சொல்லிவிட்டு வாருங்கள். இணையத்தையும் ஒரேயடியாக ஒதுக்கச் சொல்லவில்லை. பழைய மாடலின் உடைந்த கை, இங்கே எவரும் வரவழைக்காத சாயம், இதற்கெல்லாம் வேறு வழி இல்லை. ஈப்போ கடைக்காரர்களில் சிலர் தாங்களே இணையச் சந்தையிலும் கடை போட்டிருக்கிறார்கள், அவர்களிடம் வாங்கலாம். அப்படி வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதைத் தொடக்கத்திலிருந்து காணொளி எடுங்கள். ஒரு சட்டம் குறைந்தாலும் காட்டுவதற்குச் சாட்சி வேண்டும். எல்லாவற்றையும் எண்ணி முடிக்கும் வரை "பெற்றுக்கொண்டேன்" பொத்தானை அழுத்தவே கூடாது. மாதக்கணக்கில் காத்திருக்கச் சொல்லி முன்பணம் கேட்கிற தனி ஆள்களிடம், அவர் எவ்வளவு தெரிந்தவரானாலும், பிள்ளையின் காசைக் கொடுக்காதீர்கள்.

முதல் மாடல், பாகங்களை வெட்டியெடுக்கும் முதல் நிப்பர், சாயம், பேட்டரி, நூறு வெள்ளிக்கு மேல் போகிற எதுவும், இவற்றைக் கடையில் வாங்குங்கள் என்பதுதான் என் தீர்மானம். பத்து வெள்ளி கூடுதலாகப் போகும். அந்தப் பத்து வெள்ளிதான் அந்த மனிதரின் வாடகை. அவர் அங்கே இருந்தால்தான் அடுத்த பையனின் கையிலிருந்து ஒருவர் பெட்டியை வாங்கி "நந்தி டூலு" என்பார்.

அந்தப் பையனின் 305 வெள்ளி திரும்பி வரவில்லை. ரிப்போர்ட் மூன்றாம் நாள்தான் கொடுத்தோம். பணம் மாற்றியது மோசடி என்று தெரிந்த அந்த நிமிஷமே 997க்கு அழைத்திருக்க வேண்டும், தேசிய மோசடி பதில் நடவடிக்கை மையத்தின் எண் அது. பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் தடுக்கப் பார்ப்பார்கள். இந்த எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டிவையுங்கள்.

ஈப்போவில் இன்னும் சில கடைகள் திறந்திருக்கின்றன. இந்தச் சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒன்றுக்குப் போய் வாருங்கள். கைப்பேசியைக் காரிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.